காகித நம்பர்

ஏழு பேர் என்று சொல்லித் தொலைத்திருக்க வேண்டாம். சில பேர் என்று சொல்லியிருக்கலாம், கொஞ்சம் பேர் என்று மழுப்பியிருக்கலாம், வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் எல்லாவற்றையும்விட நல்லது; ஆனால் ஜெபசெல்விக்கு எண்ணாகச் சொல்லாவிட்டால் பேசிய மாதிரியே இருக்காது, அதுதான் அவளைப் பிடித்த சனியன். இருபது பேரில் ஏழு பேர் சார், என்று நேற்று மத்தியானம் திரையில் அந்த ஊரைச் சிவப்பாக வட்டமிட்டுக் காட்டினாளே, என்ன பெருமை அந்தக் குரலில், நினைத்தால் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ரயில்வே கேட் மூடி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. முன்சீட்டில் ரகோத்தமன் சார், சர்வே கம்பெனியின் சொந்தக்காரர், பதினோரு வருஷமாக அவளுக்குச் சம்பளம் கொடுப்பவர், போனில் "வந்துட்டோம் ஒன்றியம், கேட்ல மாட்டிக்கிட்டோம், பத்தே நிமிஷம்" என்று இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்தார். ஒன்றியம் என்றால் கட்சியின் ஒன்றியச் செயலாளர். பதவியையே பெயராக்கிக் கூப்பிடுவது கட்சிக்காரர்கள் பழக்கம், இரண்டு மாதத்தில் சாருக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நாலு கிலோமீட்டரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒன்றியம் காத்திருக்கிறார். யார் ஜெயிப்பார்கள் என்ற கணக்கு நேற்றே அவருக்குப் போய்விட்டது. இன்று அவருக்கு அந்த ஏழு பேர் வேண்டுமாம். பெயர், வீடு, புருஷன் பெயர். மூன்றும் ஜெபசெல்வி மடியில் இருக்கிற லேப்டாப்பில் இருந்தன, வேறு எங்கும் இல்லை. "பட்டியல் கையிலயே இருக்குங்க," என்றார் சார் போனில், ஏதோ விசேஷத்துக்கு மளிகைச் சாமான் எழுதிக்கொண்டு போகிற மாதிரி.

கூப்பிட்டுப் பேசத்தான் போறாங்க, வேற என்ன செய்யப் போறாங்க, என்று காலையில் இட்லியைச் சாம்பாரில் முக்கிக்கொண்டே சொன்னார். "நாம டாக்டர் மாதிரிம்மா. ரிப்போர்ட் குடுக்கிறதோட நம்ம வேலை முடிஞ்சது." எந்த டாக்டர் ரிப்போர்ட்டை ஊர்க் குழாயடியில் ஒட்டிவிட்டுப் போகிறான் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும், இந்தப் பாழாய்ப்போன புத்திக்குப் பதில் எப்போதும் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும். கொல்லங்கரிசலில், நேற்று அவள் சிவப்பாக வட்டமிட்ட அந்த ஊரில், குழாய் ஒன்றுதான். போன தேர்தலில் ஊர்க்கட்டுப்பாட்டை மீறி ஓட்டுப் போட்டதாக ஒரு வீட்டின் மேல் சந்தேகம், வெறும் சந்தேகம், அந்த வீட்டுக்காரி எட்டு மாசம் பக்கத்து ஊருக்குக் குடத்தோடு நடந்தாளாம். கடையில் சாமான் கிடையாது. அவர்கள் கொண்டுபோன கோயில் வரியைக் கையால் தொடாமல் திருப்பி அனுப்பினார்களாம், அதுதான் தண்ணீரைவிடப் பெரிய அடி. இந்தத் தடவை கட்டு இன்னும் இறுக்கம். கோயிலுக்கு முன்மண்டபம் கட்டித் தருகிறோம் என்று கட்சி வாக்குக் கொடுத்தது. ஊர் கூடியது, தலைக்கட்டுக்கு ஓர் ஆண் முன்னால் வந்து எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, எங்க வீட்டு ஓட்டு பூட்டுச் சின்னத்துக்கு என்று சத்தியம் செய்தான். பெண்கள் தள்ளி நின்று பார்த்தார்களாம். சூடத்தை அணைத்தவன் ஒருவன், சுட்டுக்கொண்டது வீட்டிலிருக்கிற மற்ற பேர். அந்தப் பெண்களில் ஒருத்தியையாவது முன்னால் வா என்று கூப்பிட்டார்களா? கூப்பிடவில்லை. கூப்பிடாதவளுக்குத் தண்டனை மட்டும் எப்படி வந்து சேரும்? இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கத்தான் ஆத்திரமாக வந்தது, ஆனால் ஊரைத் திட்டுவது சுலபம், ஊருக்கு அந்த ஏழு பேரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தது அவளுக்குத்தான்.

சர்வே என்றால் இரண்டு தடவை கேட்பார்கள். முதலில் வாய்விட்டு, யாருக்கு ஓட்டு என்று. வீட்டுக்காரர் உள்ளே இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண் என்ன சொல்லுவாள்? பூட்டுக்குத்தான் என்பாள். அதற்குத்தான் கடைசியில் ஒரு சீட்டு, நிஜ ஓட்டுச் சீட்டு மாதிரியே சின்னங்கள் அச்சடித்தது. திரும்பி நின்று கோடு போட்டு மடித்துப் பெட்டிக்குள் போடலாம், யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்பது சீட்டைக் கொடுக்கும்போது சொல்ல வேண்டிய வாசகம், பயிற்சி வகுப்பில் ஜெபசெல்வியே சொல்லிக்கொடுத்தது. சீட்டின் பின்பக்க மூலையில் பென்சிலால் சின்னதாக ஓர் எண் இருக்கும், வினாத்தாளின் எண், அதையும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். எண் இல்லாவிட்டால் சீட்டு யாருடையது என்று தெரியாது, வயசோடும் தெருவோடும் சாதியோடும் சேர்க்க முடியாது, யார் ஜெயிப்பார் என்று கணிக்கிற மாடல் போட முடியாது. எல்லாக் கம்பெனியிலும் செய்வதுதான். கொல்லங்கரிசலுக்குப் போக வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல் வந்ததால் அன்றைக்கு அவளே போனாள். குருவம்மா என்றொரு பெண், ஐம்பது வயசு இருக்கும், தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கி விரல் நுனியெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது, குழாயடிக் கதையைச் சொன்னதும் அவள்தான். சீட்டை வாங்கினாள். மற்றவர்களைப் போல முன்பக்கத்தைப் பார்க்கவில்லை, திருப்பினாள். "டீச்சரு, இது என்ன எழுத்து?" "அது காகித நம்பர்க்கா." "எங்க பேரு எதுவும் இல்லையே இதுல?" "இல்லக்கா." "ஒங்க மேல சத்தியமா?" ஜெபசெல்வி சிரித்தாள், அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை அப்படியே பிடுங்கி எறியலாம், சிரித்துக்கொண்டே, "சத்தியமா," என்றாள். பெயர் இல்லைதான். ஆயிரத்து எழுநூற்றுப் பதினாலு என்று மட்டும் இருந்தது. காகித நம்பர். அந்த நேரத்தில் எப்படி அவ்வளவு சரளமாக அந்தச் சொல் வாயில் வந்தது? யாராவது அவளிடம் அப்படிப் பொய் சொன்னால் விடுவாளா? அக்கா, அது காகித நம்பர்க்கா. குருவம்மா திரும்பி நின்று, முந்தானையால் ஒரு மறைப்புப் போட்டுக்கொண்டு கோடு இழுத்தாள். விசிறிக்கு. பெட்டியைப் பிரித்தபோது தெரிந்தது, ஏழு பேரில் அவளும் ஒருத்தி. ஏன் விசிறிக்கு என்று தெரியாது. நாற்பத்திரண்டு கேள்வியில் ஏன் என்று ஒரு கேள்வி கிடையாது, டிவி எத்தனை மணி நேரம் பார்ப்பீர்கள் என்று உண்டு.

சரக்கு ரயில் வர ஆரம்பித்தது. பெட்டி பெட்டியாக நிலக்கரி, ஒன்று, இரண்டு, மூன்று, எண்ணாதே என்றால் கேட்கிறதா மனசு. கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். வெள்ளரிப்பிஞ்சுக்காரி. சார் கண்ணாடியை இறக்கினார், வெக்கை குபீரென்று உள்ளே வந்தது. இரண்டு கட்டு வாங்கினார், மிளகாய்ப்பொடி நிறையப் போடச் சொன்னார், பிறகு தொழில் புத்தி சும்மா இருக்க விடாமல், "ஏம்மா, இந்தத் தடவை ஓட்டு யாருக்கு?" என்றார். அவள் காரின் முன்னால் குத்தியிருந்த பூட்டுக் கொடியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "ஒங்களுக்குத்தான் சாமி, வேற ஆருக்குப் போடப்போறேன்?" என்றாள். சார் திருப்தியாகக் கடித்தார். பத்தடி தள்ளி ஒரு வேன், விசிறிப் படம் ஒட்டியது, அங்கேயும் ஏதோ கேட்டார்கள் போல. ரயில் சத்தத்துக்கு மேலே அவள் கத்தினது தெளிவாகக் கேட்டது. "ஒங்களுக்குத்தான் சாமி!" டிரைவர் காசிம் களுக்கென்று சிரித்துவிட்டு, சார் முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார். ஜெபசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, அதுவும் வெள்ளரிக்காரி மேல் இல்லை. பார், இரண்டு கட்டு வெள்ளரி விற்பவளுக்கு எவ்வளவு தெளிவு. கேட்கிறவன் யார் என்று பார்த்துப் பதில் சொல்லுகிறாள். அதைத்தான் நான் பிழை என்று பெயர் வைத்து, பிடித்து, கழுவி, எடுத்து மேசையில் வைத்தேன்.

வைத்தாளே. அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்தது அவள்தானே, வேறு எந்தக் கம்பெனியிலும் கிடையாது. மற்றவர்கள் சீட்டில் இருப்பதை எடுத்துக்கொண்டு வாயால் சொன்னதைத் தூக்கி எறிவார்கள். இவள் மட்டும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போனால் சுழி, ஒத்துப்போகாவிட்டால் ஒன்று என்று ஷீட்டில் மேலிருந்து கீழாக மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டாள். 'மாறு' என்று தலைப்பு. எந்த ஊரில், எந்தத் தெருவில், எப்படிப்பட்ட வீட்டில் ஜனங்கள் வாயால் ஒன்றும் கையால் ஒன்றும் சொல்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், சீட்டே கொடுக்காத ஊர்களிலும் உண்மையை ஊகித்துவிடலாம். நூற்றுக்கு எண்பத்திநாலு சரியாகச் சொன்ன மாடல் தொண்ணூற்றொன்றுக்குத் தாவியது. அன்றைக்குச் சாயங்காலம் ஆபீஸ் வாசலில் நின்று தனியாக ஒரு கோலி சோடா குடித்தாள், தனக்குத்தானே கொண்டாட்டம். யாருக்குச் சொல்லிப் பெருமைப்படுவது, வீட்டில் அம்மாவுக்குச் சர்வே என்றால் நிலம் அளப்பது. சீட்டையெல்லாம் விதிப்படி ஆபீஸ் பின்பக்கம் டிரம்மில் போட்டு எரித்தாள், நின்று கடைசிச் சாம்பல் வரை பார்த்தாள். என்ன மனச்சாட்சி! பெயரும் எண்ணும் சேர்ந்த ஃபைலை ஒரே ஒரு இடத்தில், தன் லேப்டாப்பில் மட்டும், பூட்டு மேல் பூட்டாகப் போட்டு வைத்தாள். காகிதத்தை எரித்துவிட்டு எழுத்தை வைத்துக்கொண்டவள். இரண்டாயிரத்து நானூற்று எண்பது பேர். அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நேராக ஒன்று. அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று எழுபது பெண்கள் என்று பார்த்தபோது, அடடா, என்ன அருமையான தொடர்பு என்று துள்ளினாளே தவிர, ஏன் பெண்கள், யாருக்குப் பயந்து என்று ஒரு நிமிஷம், அரை நிமிஷம் யோசித்தாளா? பயத்தை அளந்து, அதற்கு ஒரு மதிப்பெண் கொடுத்து, யாரைப் பார்த்துப் பயந்தார்களோ அவர்கள் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. இதற்கு ஒரு முதுகலைப் பட்டம், அதில் தங்கப் பதக்கம் வேறு.

ரயில் போய்விட்டது, கேட் திறக்கவில்லை. "இன்னொன்னு வருது போல," என்றார் காசிம். இரண்டு பக்கமும் வண்டிகள் தங்கள் பாதையை நிரப்பியது போதாதென்று எதிர்ப்பாதையிலும் வந்து அடைத்துக்கொண்டு நின்றன, திறந்ததும் ஒருவன் நகர முடியாது, அது தெரிந்தும் வந்து நிற்பான். "அம்மா, அந்தப் பட்டியலை ஒரு தனி ஷீட்டா எடுத்து வெச்சுக்கோ. போன உடனே குடுத்துட்டு, சாப்பாட்டுக்கு முன்னாடி கிளம்பிடலாம்," என்றார் சார் திரும்பாமலே. "சரி சார்," என்று சொன்னது யார் என்று அவளுக்கே தெரியவில்லை. லேப்டாப்பைத் திறந்தாள். அழித்துவிட்டால்? அழித்துவிட்டேன் என்று சொன்னால் சார் திட்டுவார், வேலையை விட்டுத் தூக்குவார், தூக்கட்டும். ஆனால் ஏழு என்று ஒன்றியத்தின் காதில் விழுந்தாயிற்றே. ஏழு பேர் என்று தெரிந்தவன் ஏழு பேரைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டான், பட்டியல் இல்லாவிட்டால் சந்தேகத்தில் பிடிப்பான், யார் முகம் பிடிக்கவில்லையோ அவர்களைப் பிடிப்பான், போன தடவை அப்படித்தானே பிடித்தார்கள். எண்களைக் கலைத்துப் போட்டுவிட்டால்? சீட்டு எண்களை மேலும் கீழும் மாற்றி அடுக்கிவிட்டால் குருவம்மா தப்புவாள், வேறு எவளோ ஒருத்தி, பூட்டுக்கே மனசாரக் கோடு போட்டவள், குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். ச்சீ. கலைக்கிறதாம். ஒரு நிமிஷம் அதைக்கூட யோசித்தாயே, உனக்கு எல்லாமே வரிசை எண்தான். முடியாது என்று மறுத்தால் இன்னொரு பெண்ணை அனுப்பி மறுபடி இருபது சீட்டுக் கொடுப்பார்கள், மறுபடி பின்பக்கத்தில் காகித நம்பர். எந்தப் பக்கம் போனாலும் அந்த ஏழு வந்து குறுக்கே நிற்கிறது. அந்த எண்ணைத் திரும்ப விழுங்க வேண்டும். சொன்னவள்தான் விழுங்க முடியும். எப்படி விழுங்குவது என்பதும் அவளுக்கு உடனே தெரிந்துபோயிற்று, தெரிந்ததும் உடம்பெல்லாம் ஒரு கொதிப்பு. தப்பாப் போட்டுட்டேன் என்று சொல்ல வேண்டும்.

தப்பு! ஜெபசெல்வியா! மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆபீஸில் ஒருவன் தன் தவறைத் தூக்கி இவள் தலையில் போட்டபோது, இரண்டு ராத்திரி உட்கார்ந்து அறுபத்திநாலு பக்கம் அச்செடுத்து, ஒவ்வொரு வரியிலும் கோடு போட்டு, மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் மேசையில் தொப்பென்று போட்டவள் இவள். அவன் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் மூன்று மாதம் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்தக் கட்சிக்காரனிடம் அறிமுகப்படுத்தும்போதும், "இவங்க கணக்கு தப்பாது," என்று சார் ஆரம்பிப்பார், அவள் தலையைக் குனிந்துகொள்வாள், உள்ளுக்குள் நிமிர்ந்துகொள்வாள். அவளிடம் இருந்தது அது ஒன்றுதான், சொந்தமாகச் சம்பாதித்தது. அதைக் கொண்டுபோய், வெயில் சார், அவசரம் சார், கவனிக்கல சார், என்று எவன் எவனோ சொல்லி அவள் எரிந்து விழுந்த அதே பல்லவியைப் பாடிக் கொடுத்துவிட வேண்டும். பெரிய மண்டபம், நூறு வேட்டி, நடுவில் தப்பாகக் கூட்டினவளாக நிற்க வேண்டும். பொம்பளைங்களை வெச்சு வேலை பார்த்தா இப்படித்தான் என்று ஒருவனாவது சொல்லுவான், சிரிப்பார்கள். சொல்லட்டும், சிரிக்கட்டும், நாசமாய்ப் போகட்டும், என்று சொல்லிக்கொண்டாலும் கண் கரித்தது. குருவம்மா சத்தியமா என்று கேட்டபோது சூடம் ஏற்றவில்லை, ஊர் கூட்டவில்லை, ஒரு பெண்ணிடம் ஒரு பெண் கேட்டாள். ஊரார் சத்தியத்துக்குப் பயந்தாள், இவள் சத்தியத்தை நம்பினாள். அவள் நம்பினதைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய்யைத்தான் இவளும் சொல்ல வேண்டும். பூட்டுக்குத்தான் என்றாள் அல்லவா குருவம்மா வாய்விட்டு, வினாத்தாளில் இவளே எழுதிக்கொண்டாள் அல்லவா. அதையே எழுதிவிடு. வாயால் சொன்ன கட்டத்தை முழுசாக எடுத்தாள், இரண்டாயிரத்து நானூற்று எண்பது வரி, சீட்டுக் கட்டத்தின் மேல் அப்படியே ஒட்டினாள். 'மாறு' என்ற கட்டம் மேலிருந்து கீழ்வரை சுழியாக இறங்கிற்று. சேமிக்கவா என்று கேட்டது. சேமித்தாள். பழைய பிரதி ஒன்று இருந்தது, அதையும் அழித்தாள், குப்பையிலிருந்தும் அழித்தாள். தொண்ணூற்றொன்று போயிற்று. போனதை நினைத்து வருத்தம் வந்ததற்கு அவளுக்கே கோபம் வந்தது, இப்போது என்ன வருத்தம், வருந்த வேண்டிய அன்றைக்குக் கோலி சோடா குடித்தாய்.

"சார்," என்றாள். இரண்டாவது ரயில் வந்துகொண்டிருந்தது, சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. "சார், அந்த ஏழு பேர் கிடையாது. நான் தப்பாப் போட்டுட்டேன்." வெள்ளரிப்பிஞ்சு பாதி வாயில் இருக்க அவர் திரும்பினார். "என்னது?" "அந்த ஊர்ச் சீட்டை ஏத்தும்போது பூட்டுக்கான ஒன்னுக்குப் பதிலா விசிறிக்கான ரெண்டை அடிச்சிருக்கேன். இப்பதான் பார்த்தேன். பெட்டியை நானே பிரிச்சு எண்ணினதுதான் சார், இருபதும் பூட்டு." "சீட்டெல்லாம் எங்கே?" "எரிச்சாச்சு. விதிப்படி." "மத்த ஊரெல்லாம்?" "அந்தக் கட்டமே நம்பறதுக்கில்ல சார். முழுசாத் தூக்கிட்டேன்." அவர் முகம் சிவந்து, வெளுத்து, பிறகு ஒரு மாதிரி தொங்கிப்போயிற்று. திட்டினார். நிறையத் திட்டினார், ரயில் பாதியை அடித்துக்கொண்டு போயிற்று, மீதியில் பதினோரு வருஷம் என்ற சொல்லும் மானம் என்ற சொல்லும் காதில் விழுந்தன. ஊருக்குத் திரும்பினதும் மேசையைக் காலி பண்ணிவிடு என்றதும் விழுந்தது. மறுத்துப் பேசாமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது, அறுபத்திநாலு பக்கமும் தொண்டையில் வந்து நின்றது. கேட் திறந்தது, இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு எதுவும் நகரவில்லை, எல்லோரும் ஒன்றாக ஹாரன் அடித்தார்கள். போன் மணி அடித்தது, ஒன்றியம்தான். சார் போனைக் கையில் வைத்துக்கொண்டு, எடுக்கப் பயந்துகொண்டு, அவளையே பார்த்தார். இருபத்தைந்து வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிற மனுஷன், அவ்வளவு ஏமாளி இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, குரலை இறக்கிக் கேட்டார். "நெஜமாச் சொல்லும்மா. அந்த ஊர்ல எல்லாரும் யாருக்குத்தான் போடறாங்க?" ஜெபசெல்வி லேப்டாப்பை மூடினாள். கண்ணாடிக்கு வெளியே வெள்ளரிக்காரி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, நின்றுபோன வண்டிகளுக்கு நடுவே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்குத்தான் சார்," என்றாள். "வேற ஆருக்குப் போடப்போறாங்க?"